மூடி போட்ட வாளி

கிள்ளான் பக்கம் திரும்பவும் தண்ணி கட் என்று வாட்ஸ்அப்பில் வந்ததிலிருந்து ஒரே புலம்பல். நாங்களும் புலம்பினோம், இல்லை என்று சொல்லவில்லை. அப்புறம்தான் 2020 செப்டம்பர் ஞாபகம் வந்தது.

அந்த 3-ஆம் தேதி ராவாங் பக்கம் ஆற்றில் கழிவு கலந்து, சிலாங்கூர் ஆற்றுத் தண்ணியை எடுக்கிற நாலு சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். ஏறக்குறைய 12 லட்சம் இணைப்புகளுக்குத் தண்ணி இல்லை. கோவிட் நேரம் வேற, கையைக் கழுவு கழுவு என்று சொல்லிக்கிட்டிருந்த காலம். கழிவு ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்ததாகப் பேச்சு. நாங்களும் பேக்டரிக்காரங்கதான். அன்னைக்கு எங்க கம்பெனிக் கால்வாயைப் போய் எட்டிப் பார்த்துட்டு வந்தோம்.

கோயில் தொண்டர்கள் சேர்ந்து லோரித் தண்ணியைப் பிடித்து பிளாட் வீடுகளுக்குத் தூக்கினோம். லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி. கூட எங்க லைனில் வேலை செய்த தம்பி ஒருத்தர், மன்னார்குடி பக்கத்து ஆள். வாளி வழிஞ்சா ஓடி வந்து பைப்பை மூடுவார். "என்ன தம்பி, லோரித் தண்ணிதானே" என்று கிண்டல் பண்ணினோம்.

படிக்கட்டில் உட்கார்ந்தப்போ சொன்னார். ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூரை 2016-இல் செப்டம்பர் 20-இல்தான் திறந்தார்களாம். பிறகு மழையும் பொய்த்தது. ஆறு மா நிலத்தில் சம்பா அப்படியே காய்ந்தது. 2017 ஜனவரியில் அரசாங்கமே வறட்சி என்று அறிவித்தது. நகையை அடகு வைத்து, ஏஜெண்டுக்குக் கட்டி, பெர்மிட்டில் இங்கே வந்தார்.

"இந்த வருஷம் எட்டு வருஷத்துக்கப்புறம் சரியா ஜூன் 12-லயே திறந்துட்டாங்கண்ணே. வாய்க்கால்ல தண்ணி ஓடுறத அம்மா வீடியோ கால்ல காட்டுனாங்க. நான் இங்க லோரிக்கு நிக்கிறேன்."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். அதோட, பெர்மிட் முடியறதுக்கு முன்னாடியே ஊருக்கு விட மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார். எல்லை மூடியிருக்கு, ஆளும் பத்தலை என்று நாங்க பேச்சை மாத்திட்டோம். கேட்டிருந்தாலும் நடந்திருக்காது என்று இப்போ சொல்லிக்கலாம். ஆனா நாங்க கேட்கவே இல்லை.

2022-இல்தான் போனார். அந்த வருஷம் மே 24-லேயே மேட்டூரைத் திறந்தார்கள், நல்ல விளைச்சல் என்று படம் அனுப்பினார். 2023-இல் ஜூன் 12-இல் திறந்தும் தண்ணி கடைசி வரைக்கும் வரலை. குறுவை கருகிடுச்சு.

"அண்ணே, திரும்ப பெர்மிட் கிடைக்குமா?" என்று மெசேஜ். அந்த மார்ச்சிலிருந்து இங்கே புதுக் கோட்டாவையே நிறுத்தி வைத்திருந்தார்கள். அதை எப்படிச் சொல்வது என்று யோசித்தே பதில் போடாமல் விட்டோம். இன்றைக்குக் காலையில்தான் கூப்பிட்டோம். போன் எடுக்கலை, திரும்பவும் கூப்பிடுவோம்.

ஞாயிறு காலை 7 மணிக்குக் கோயில் வாசலுக்கு வாங்க. மூடி போட்ட வாளியா கொண்டு வாங்க, படியில் சிந்தாது.