ஓடையின்மேல் ஒரு மடம்

இங்கிலாந்தின் தென்கிழக்கே கான்டர்பரி என்றொரு புராதன நகரம் இருக்கிறது. அங்கே வருவோர் யாவரும் முதலில் நாடுவது, 1170-ஆம் வருஷத்தில் தாமஸ் பெக்கெட் என்னும் பேராயர் கொலையுண்ட பெரிய தேவாலயத்தையே. நாமும் அதைக் கண்டோம். ஆயினும் நம் நெஞ்சை விட்டு அகலாதவை அந்நகரத்தின் வேறு இரண்டு மடங்கள்.

மதிலுக்கு வெளியே, கீழ்த்திசையில் இருப்பது அகஸ்டின் மடம். 597-இல் ரோமாபுரியினின்றும் வந்த அகஸ்டின், எதல்பர்ட் அரசனின் ஆதரவால் இதை ஸ்தாபித்தார். கென்ட் நாட்டு அரசர்களும் ஆதிப் பேராயர்களும் இங்கே அடக்கமாயினர். நிலமும் செல்வமும் பெருகி, 900 ஆண்டுகளுக்கு மேலாக இம்மடம் கீர்த்தியுடன் விளங்கிற்று.

இரண்டாவது மடத்தின் கதை வேறு. 1224-இல் பிரான்ஸிஸ் முனிவரின் சீடர் ஒன்பதின்மர், பீஸா நகரத்து அக்னெல்லஸ் என்பவர் தலைமையில் டோவர் துறையில் வந்திறங்கினர். நால்வர் லண்டனுக்குச் செல்ல, ஐவர் கான்டர்பரியிலேயே தங்கினர். ஒரு பள்ளிக்கூடத்தின் கீழிருந்த சிற்றறையே அவர்களுக்குக் கிடைத்த இடம். பகல் முழுவதும் அதனுள் அடைபட்டிருப்பார்கள். மாலையில் மாணாக்கர் வீடு சென்ற பிறகு மேலே வந்து, தீ மூட்டிக் குளிர் காய்வார்கள். பருகுவதற்கு இருந்த பானத்தின் மண்டி கெட்டியானால், தண்ணீர் கலந்து பகிர்ந்துகொள்வார்கள். அவர்கள் கூட்டத்தைச் சேர்ந்த எக்கிள்ஸ்டன் தாமஸ் என்பவரே இதை எழுதி வைத்திருக்கிறார். மாலை மணி அடித்தபின் வெறிச்சோடும் வகுப்பறையை நாள்தோறும் காணும் நமக்கு, இச்செய்தி உள்ளத்தை உருக்கியது.

பின்னர், ஏழைக் குருமார் விடுதியின் தலைவர் அவர்களுக்கு நிலம் அளித்து, கோயிலும் கட்டிக் கொடுத்தார். ஆனால் சொத்து எதுவும் தமக்கு உரியதாதல் கூடாது என்பது அவர்களுடைய விரதம். ஆகவே நிலம் நகரத்தாரின் பொதுவுடைமையாயிற்று. நகரத்தார் விரும்பும்வரை அங்கே வாசம் செய்வதே அவர்களுக்கு இருந்த உரிமை!

எட்டாம் ஹென்றி அரசன் திருச்சபைக்குத் தானே தலைவன் என்றபோது பலர் பணிந்தனர். இச்சபையின் கான்டர்பரி மடத்துத் தலைவர் ரிச்சர்ட் ரிஸ்பி 1534-இல் தூக்கிலிடப்பட்டார். 1538-இல் இரண்டு மடங்களும் மூடப்பட்டன. அகஸ்டின் மடத்தின் ஒரு பகுதி அரசனுக்கு மாளிகையாயிற்று. பிற்காலத்தில் அவ்வளாகத்திலே மதுவும் காய்ச்சினார்கள். 1848-இல் அங்கே பாதிரிமார் கல்லூரி தோன்றியது. ஆதிக் கோயில்கள் இருந்த இடத்தில் இன்று புல்தரையும் குட்டைச் சுவர்களுமே எஞ்சியுள்ளன.

பிரான்ஸிஸ் அடியார்களின் கோயிலும் அழிந்தது. ஆனால் ஸ்டவுர் நதியின் கிளையோடையின்மேல், 13-ஆம் நூற்றாண்டில் அவர்கள் கட்டிய சிறு கல்வீடு ஒன்று இன்னும் நிற்கிறது. அதன் அடியிலே நீர் சலசலத்து ஓடுகிறது.

கற்கள் நிற்பதும் வீழ்வதும் காலத்தின் செயல். அதில் நீதி தேட நாம் முற்படவில்லை. எனினும், பொதுத் தொண்டு என்றவுடன் முதலில் கட்டடத்துக்குப் பணம் திரட்ட முனைகிறோம் அல்லவா? பள்ளிக்கூடத்தின் கீழ் ஒண்டியிருந்த அந்த ஐவரை அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வது நலம்.