மறுகால் பாய்ந்தால் ஊருக்கே லீவு! பூகம்பத்தில் விழுந்து எழுந்த புஜ் நகரில் தனியாக ஒரு நாள்

டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலைக் குளிரில் புஜ் ரயில் நிலையத்தில் ஒற்றைப் பையுடன் இறங்குகிறார் ஓர் இளம்பெண். வயது 26. சொந்த ஊர் அருப்புக்கோட்டை. வேலை பார்ப்பது அகமதாபாத்தில், ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில். சனிக்கிழமை இரவு ரயில் ஏறினால் காலையில் புஜ். ஞாயிறு இரவு ஏறினால் திங்கள் காலை ஆபீஸ். கையில் இருப்பது ஒரே ஒரு பகல். துணைக்கு யாரும் இல்லை.

முதல் நாள் மாலை, ரயிலுக்குக் கிளம்பும் நேரத்தில் அப்பாவிடமிருந்து போன்.

"கொத்தனாரு புதன்கிழமை வர்றேன்னுட்டாரும்மா. தறிக்குழிய மூடி டைல்ஸ் ஒட்டிரலாம்னு தம்பி சொல்றான். தறி ஓடி ஆறு வருசமாச்சு, குழி சும்மாதான கெடக்கு. நீ என்ன சொல்ற?"

"யோசிச்சுச் சொல்றேன்ப்பா" என்று வைத்துவிட்டார். யோசிக்கத்தான் முழுசாக ஒரு நாள் கிடைத்திருக்கிறது.

ஜன்னலுக்கு வெளியே நம்ம ஊர்!

விடிந்ததும் ரயில் ஜன்னலில் தெரிந்த காட்சி அவரை முதலில் ஏமாற்றியது. ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்தும், வெளியே ஓடுவது திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துப் பொட்டல் மாதிரியே இருக்கிறது. காரணம், சீமைக்கருவேலம்! கட்ச் பகுதியின் பன்னி புல்வெளியில், உப்பு மண் பரவுவதைத் தடுக்க 1960-களில் இந்த மரத்தை வளர்த்தார்கள். அது புல்வெளியையே விழுங்கத் தொடங்கியது. அங்குள்ள மக்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'காண்டோ பாவல்'. பைத்தியக்காரக் கருவேலம் என்று அர்த்தம். நம் ஊரைப் போலவே அங்கும் இதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்கிறார்கள். திட்டிக்கொண்டே அதை வைத்துப் பிழைப்பதும் இரண்டு ஊருக்கும் பொது.

மழை மட்டும் வேறு. அருப்புக்கோட்டை ஐப்பசி, கார்த்திகையை நம்பியிருக்கிறது. கட்ச் பூமிக்கோ ஜூன் முதல் செப்டம்பர் வரை வரும் தென்மேற்குப் பருவமழைதான் எல்லாமே. அதுவும் நம் பக்கம் பெய்வதைவிடக் குறைவு.

ஏரிக்கு ஒரு லட்டு

ஷேர் ஆட்டோ இறக்கிவிட்ட இடம் ஹமீர்சர் ஏரிக்கரை. ஊரின் நடுவே அகலமான தண்ணீர். குளிர்காலப் பறவைகள் கூட்டமாக மிதக்கின்றன. கரையில் நடைப்பயிற்சி போகிறவர்கள், டீ குடிக்கிறவர்கள், கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து வெயில் காய்கிற தாத்தாக்கள்.

இந்த ஏரிக்கு ஒரு மரியாதை உண்டு. நல்ல மழை பெய்து ஏரி நிரம்பி வழிந்தால், புஜ் நகரத்துக்கே உள்ளூர் விடுமுறை! பூஜை செய்து, லட்டு வழங்கிக் கொண்டாடுகிறார்கள். அந்த லட்டுக்கு 'மேக லட்டு' என்றே பெயர். மறுகால் பாய்வதைப் பார்க்க ஊரே திரண்டு வரும்.

டீக்கடைக்காரர் இந்தியில் இதைச் சொன்னபோது அந்தப் பெண்ணுக்கு அம்மாச்சி ஞாபகம் வந்தது. அம்மாச்சியின் ஊர் திருச்சுழி. கண்மாய் பெருகி மறுகால் போனால், சமைத்ததைத் தூக்கு வாளியில் எடுத்துக்கொண்டு கரையில் போய் உட்கார்ந்து சாப்பிட்ட கதையை அடிக்கடி சொல்வார். திருச்சுழிப் பெயருக்கே தண்ணீர்க் கதைதான். ஊழிவெள்ளம் சூழ்ந்தபோது சிவபெருமான் சூலத்தால் பூமியில் துளையிட, வெள்ளம் முழுக்கச் சுழித்துக்கொண்டு உள்ளே போனதாம். அதனால் 'சுழி' என்கிறது தலபுராணம். அழிவிலிருந்து தப்பிய ஊர் என்பதே அதன் பெருமை.

புஜ் நகரத்துக்கு அப்படியொரு சூலம் கிடைக்கவில்லை.

காலை 8.46

2001 ஜனவரி 26. குடியரசு தினம். பள்ளிகளில் கொடியேற்றும் நேரம். காலை 8.46 மணிக்கு, பச்சாவ் அருகே மையம் கொண்டு 7.7 அளவில் பூமி அதிர்ந்தது. குஜராத்தில் 13,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பக்கத்து ஊரான அஞ்சாரில், குடியரசு தின ஊர்வலம் போன பள்ளிக் குழந்தைகள் மீதே இரண்டு பக்கத்துக் கட்டடங்களும் சரிந்தன. புஜ்ஜில் அரசுப் பொது மருத்துவமனையே இடிந்து விழுந்தது. காயம்பட்டவர்களைக் கொண்டுபோக இடம் இல்லை.

ஏரியிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது தர்பார்கட் எனும் அரண்மனை வளாகம். 18-ம் நூற்றாண்டில் ராவ் லக்பத்ஜி கட்டிய கண்ணாடி மாளிகையான ஆயினா மகால், அதன் பக்கத்திலேயே பிராக் மகால். பிராக் மகால் வேலை 1865-ல் தொடங்கி 1879-ல் முடிந்தது. அதே 1879-ல்தான் திருச்சுழியில் ரமண மகரிஷி பிறந்தார். 'லகான்' படத்தின் சில காட்சிகள் எடுக்கப்பட்டது இங்கேதான். படப்பிடிப்பு முடிந்த மறு வருடமே பூகம்பம்.

சுமார் 45 மீட்டர் உயர மணிக்கூண்டு மீண்டும் நிமிர்ந்து நிற்கிறது. ஆனால், வளாகத்தில் எல்லாமே பளபளப்பாகச் சரிசெய்யப்படவில்லை. பக்கத்துச் சுவர்களில் இன்னும் விரிசல்கள். பாதி உடைந்த மாடம், அதில் புறாக்கள். ஒட்டுப்போட்ட பகுதியின் நிறம் பழைய கல்லோடு சேரவில்லை. அந்தப் பெண் அதிக நேரம் நின்றது அங்கேதான். நெய்த துணியில் இழை அறுந்தால் முடிச்சுப் போடுவார்கள். எவ்வளவு நேர்த்தியாகப் போட்டாலும், நெய்தவர் கண்ணுக்கு முடிச்சு தெரியும். அப்பா அதை விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார்.

சந்துகள் சாலையான கதை

பழைய புஜ், கோட்டைச் சுவருக்குள் இருந்த ஊர். நெருக்கமான வீடுகள், குறுகலான சந்துகள். பூகம்பத்தில் வீட்டை விட்டு வெளியே ஓடியவர்கள் பலர் சந்திலேயே மாட்டிக்கொண்டார்கள். அடுத்து ஊரைக் கட்டும்போது முதல் கேள்வியே, 'அதே இடத்தில், அதே மாதிரி கட்டலாமா?' என்பதுதான்.

கூடாது என்று முடிவானது. சாலையை அகலப்படுத்த நிலம் வேண்டும். நிலம் மக்களுடையது. அதனால், ஒவ்வொரு மனையிலிருந்தும் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்குபடுத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். சிறிய மனைக்காரர்களிடம் குறைவாகவும், பெரிய மனைக்காரர்களிடம் அதிகமாகவும் எடுக்கப்பட்டது. சிலருக்கு நகருக்கு வெளியே புதுக் குடியிருப்புகளில் இடம் தரப்பட்டது. வீடு கட்டும் பணம் தவணை தவணையாக வந்தது. அஸ்திவாரம், சுவர் என ஒவ்வொரு கட்டத்தையும் பொறியாளர் பார்த்த பிறகே அடுத்த தவணை. கட்டடங்களின் உயரத்துக்கும் கட்டுப்பாடு வந்தது.

இடிந்த மருத்துவமனைக்குப் பதிலாக வந்த புதிய கட்டடம், ஈயமும் ரப்பரும் சேர்ந்த தாங்கிகளின் மேல் நிற்கிறது. தரை ஆடினாலும் கட்டடம் அதே வேகத்தில் ஆடாது. இந்தியாவில் இந்தத் தொழில்நுட்பத்தை முதலில் பயன்படுத்திய கட்டடங்களில் இது முக்கியமானது. ஆனால், பன்னி பகுதி மக்கள் காலம்காலமாகக் கட்டிவரும் 'புங்கா' எனும் வட்டவடிவ மண் வீடுகள் பல, எந்தத் தொழில்நுட்பமும் இல்லாமலே பூகம்பத்தைத் தாங்கி நின்றன. மூலை இல்லாத வட்டச் சுவரும், கனமில்லாத கூரையும்தான் காரணம்.

புஜோடியில் ஒரு தறிக்குழி

மதியம். கம்பு ரொட்டி, கத்தரிக்காய், வெல்லம், ஒரு பெரிய டம்ளர் மோர். 'ரோட்லா' என்று தட்டில் வந்ததைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நம் கரிசல் காட்டுக் கம்புதான். அங்கே கூழாகிறது, இங்கே ரொட்டியாகிறது.

அங்கிருந்து சுமார் எட்டு கிலோமீட்டரில் புஜோடி. வணக்கர் எனும் நெசவாளர்களின் ஊர். பூகம்பத்தில் இங்கும் வீடுகள் இடிந்தன. இன்று வாசலுக்கு வாசல் சால்வை தொங்குகிறது. ஒரு வீட்டுத் திண்ணையைத் தாண்டி எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். குழித்தறி! தரையில் குழி, அதில் காலைத் தொங்கவிட்டு மிதி மிதிக்கும் ஒரு முதியவர். பாவில் பருத்திக்குப் பதில் ஆட்டுக் கம்பளி. மற்றபடி நாடா ஓடும் சத்தம்கூட அதேதான்.

"எங்க வீட்டுலயும் தறி இருக்கு" என்றார் அந்தப் பெண், தெரிந்த இந்தியில்.

"ஓடுதா?" என்று கேட்டார் முதியவர்.

பதில் சொல்ல முடியவில்லை.

முதியவர் அதற்கு மேல் கேட்கவில்லை. தன் கதையைச் சொன்னார். நெசவு வேண்டாமென்று மகன் கம்பெனி வேலைக்குப் போனது, சில வருடம் கழித்துத் திரும்பி வந்தது, இப்போது செல்போனில் ஆர்டர் எடுப்பது. "எல்லா வீட்டுப் பையனும் திரும்பி வரலை" என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

பூகம்பத்துக்குப் பிறகு இந்தப் பகுதியின் கைத்தொழில்களுக்கு வெளி உலகத்தின் கவனம் கிடைத்தது. 2005-ல் உருவான 'கமிர்' அமைப்பு, மானாவாரியில் விளையும் காலா பருத்தியை மீண்டும் தறிக்குக் கொண்டுவந்தது. இன்னொரு கதை அஜ்ரக்பூருடையது. அஜ்ரக் அச்சுத் துணிக்குப் பெயர்பெற்ற தமட்கா கிராமத்தில், பூகம்பத்துக்குப் பிறகு நிலத்தடி நீரின் தன்மை மாறிவிட்டது. இரும்புச் சத்து கூடியதால் சாயம் சரியாகப் பிடிக்கவில்லை. அதனால் சாயக்காரக் குடும்பங்கள் பல இடம்பெயர்ந்து உருவாக்கிய புது ஊர்தான் அஜ்ரக்பூர். சிலர் அதே இடத்தில் கட்டினார்கள். சிலர் ஊரையே விட்டு வந்து தொழிலைக் காப்பாற்றினார்கள்.

பெயர்கள் இருக்கும் குன்று

மாலை நான்கு மணி. புஜியா குன்றில் இருக்கும் ஸ்மிருதிவனம், பூகம்பத்தில் இறந்தவர்களுக்கான நினைவிடம். 2022 ஆகஸ்ட் 28-ல் திறக்கப்பட்டது. சுமார் 470 ஏக்கர். சரிவுகளில் மழைநீரைத் தேக்க 50 தடுப்பணைகள். லட்சக்கணக்கில் நடப்பட்ட மரங்கள். அருங்காட்சியகத்தில், பூகம்பம் எப்படி இருக்கும் என்பதைத் தரை அதிரக் காட்டும் ஓர் அரங்கும் உண்டு. அதிலிருந்து வெளியே வந்த ஒரு குடும்பத்தில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வந்தார்கள், பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

தடுப்பணைகளின் கரையில், இறந்தவர்களின் பெயர் பொறித்த பலகைகள். மொத்தம் 12,932 பெயர்கள். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து நாலைந்து முறை வரும் இடங்களில் நடை தானாக நிற்கிறது. உயிரை எடுத்த குன்றுப் பூமியில், வேறெதையும் விட இந்த ஊர் சேமிக்க நினைத்தது தண்ணீரையும் பெயர்களையும்தான்.

வெயில் இறங்கியது. கீழே புஜ் முழுக்க விளக்குகள். அந்தப் பெண் போனை எடுத்தார்.

"அப்பா, கம்மா பெருகிருச்சா?"

"முக்கால் கம்மா தண்ணி கெடக்கும்மா. இன்னொரு மழை பேஞ்சா மறுகால் போயிரும். ஏன்?"

"சும்மாதான். கொத்தனாரைப் பொங்கலுக்கு அப்பறமா வரச் சொல்லுங்க. மூடுறதா வேணாமான்னு அப்பப் பேசிக்கலாம். அதுக்கு முன்னாடி அந்தத் தறியில ஒரு சேலை நெய்யணும். நீங்க நெய்யுங்க, நான் கூட உக்காந்து கத்துக்கிறேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"விழுதெல்லாம் எலி கடிச்சிருக்கும்" என்றார் அப்பா. பிறகு, "கரை என்ன கலருன்னு சொல்லு. நூலுக்குச் சொல்லணும்ல?"

புஜ் போகிறீர்களா?

* நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். இரவில் நல்ல குளிர், ஸ்வெட்டர் அவசியம்.
* அகமதாபாத்திலிருந்து ரயிலும் பஸ்ஸும் உண்டு. தென் மாவட்டத்தினர், திருநெல்வேலி - காந்திதாம் ஹம்சஃபர் வாராந்திர ரயிலில் காந்திதாம் சென்று, அங்கிருந்து சாலை வழியாகப் புஜ் போகலாம்.
* அரண்மனைகள், ஸ்மிருதிவனம் எல்லாவற்றுக்கும் வார விடுமுறை உண்டு. முன்கூட்டியே பார்த்துத் திட்டமிடுங்கள்.
* ரயிலுக்கு முன் ஒரு தபேலி சாப்பிடுங்கள். பன்னுக்குள் மசாலா உருளைக்கிழங்கு, மாதுளை, வறுத்த கடலை. கட்ச் மண்ணில் பிறந்த பலகாரம் இது!