மார்கழியில் ஓசூர் சாலை
மார்கழி விடியலில் ஜுஜுவாடியைத் தாண்டினால் எதிரே வெள்ளைத் திரைதான். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம். கிருஷ்ணகிரி 500-ஐ ஒட்டி. சூளகிரிப் பக்கம் மூடுபனி எங்கே அடர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

இதே 44-ஆம் எண் நெடுஞ்சாலையின் வடமுனை ஸ்ரீநகர். அங்கே பனி கொட்டினால் இன்ஜின் இழுக்கும் சக்கரங்களில் சங்கிலி மாட்டுவார்கள். தார் தெரிந்ததும் கழற்றாவிட்டால் டயர் போச்சு!

ஓசூரில் சங்கிலிக்கு வேலையில்லை. இங்கே வில்லன், விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி. ஹைபீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணிலேயே அடிக்கும், லோபீம் போதும். ஓடும்போது நான்கு இண்டிகேட்டரையும் போடாதீர்கள். நிற்கிறீர்களா, திரும்புகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குப் புரியாது. அவசரமில்லையா? டீ குடித்துவிட்டு, வெயில் ஏறியதும் கிளம்புங்கள்.