எட்டில் ஒரு கதிர்: பம்பாங்காவுக்குத் திரும்பியவர் கண்ட கொடி

பிலிப்பைன்ஸ் தேசியக் கொடியின் வெண்ணிற முக்கோணத்தில் பொன்மஞ்சள் நிறத்தில் பொறிக்கப்பட்டுள்ள சூரியனுக்கு எட்டுக் கதிர்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று, மணிலாவுக்கு வடமேற்கே லூசோன் தீவின் நடுச்சமவெளியில் பரந்து கிடக்கும் பம்பாங்கா மாகாணத்துக்கு உரியது. தகாலோக் மொழியினின்று வேறான தனிமொழியையும், நாடெங்கும் பெயர்பெற்ற சமையல் மரபையும் உடைய கபம்பாங்கன் மக்கள், ஒரு பொதுக் கொடியில் தம் வட்டாரத்துக்குக் கிடைத்த இடமாகவே அந்தக் கதிரைப் போற்றி வருகின்றனர். அப்பெருமைக்கு எழுத்துச் சான்றும் இருக்கிறது. 1898 ஜூன் 12 அன்று காவிட் நகரில் வெளியிடப்பட்ட விடுதலைப் பிரகடனம், ஸ்பெயினுக்கு எதிரான கிளர்ச்சி வெடித்தவுடன் போரில் இறங்கியவை என்று எட்டு மாகாணங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, கதிர்கள் அவற்றையே குறிக்கின்றன என்கிறது.

ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே ஏற்க இயலாது. 1896 ஆகஸ்ட் இறுதியில் ஸ்பானிய ஆளுநர் ரமோன் பிளாங்கோ எட்டு மாகாணங்களில் போர்க்கால ஆட்சியை அறிவித்த ஆணையில் தார்லாக் இருக்கிறது. பிரகடனத்தில் அதன் இடத்தில் பதான் இருக்கிறது. பம்பாங்கா இரண்டிலும் உண்டு. ஆள்வோர் தண்டனையாக விதித்த ஒன்றைக் கிளர்ச்சியாளர்கள் விருதாக மாற்றிக்கொண்டனர் என்றுதான் இதைக் கொள்ள வேண்டும். ஏனெனில் 1896இல் பம்பாங்காவின் நிலவுடைமைக் குடும்பங்களில் பலவும் ஸ்பெயின் பக்கமே சாய்ந்திருந்தன. மாகாணம் முழு அளவில் கிளர்ந்தெழுந்தது 1898இல், மாக்சிமினோ ஹிசோன் போன்ற தளபதிகளின் தலைமையில்தான்.

பகோலோர் நகரில் பிறந்து, ஆஞ்சலஸ் நகரை அடுத்திருந்த கிளார்க் அமெரிக்க விமானப்படைத் தளத்தில் எழுத்தராக வேலை பார்த்து, 1991இல் அந்தத் தளம் மூடப்பட்டதும் குடும்பத்தோடு கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த ஒருவர், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு டிசம்பரில் ஊர் திரும்பினார். இவ்வாறு திரும்பி வருவோரைப் பிலிப்பைன்ஸில் ‘பலிக்பயான்’ என்பர். அவர்களை வரவேற்கத் தனிச் சட்டமே உண்டு. ஊரில் அவர் முதலில் கவனித்த மாற்றம், அயலார் கண்ணில் படவே படாத ஒன்று. திங்கட்கிழமைதோறும் காலையில் அரசு அலுவலகங்களில் கொடியேற்றம் நடைபெறும். மாகாணத் தலைநகரான சான் பெர்னாண்டோவில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு, கொடியின் நீலம் தாம் விட்டுச்சென்ற நீலமாகத் தோன்றவில்லை. அவர் பள்ளியில் வணங்கிய கொடியில் மேற்பட்டை கருநீலமாக இருந்தது. 1998இல் இயற்றப்பட்ட கொடிச் சட்டமோ அதைப் பளிச்சென்ற அரசநீலமாக வரையறுத்துவிட்டது. ஊரில் இருந்தவர்களுக்கு இது பழகிப்போயிருந்தது; அமெரிக்காவில் தம் வீட்டுச் சுவரில் பழைய கொடியை மாட்டி வைத்திருந்தவருக்கு மட்டுமே அந்த வேறுபாடு உறைத்தது.

இந்நிறங்களின் பொருளும் ஒருபோதும் நிலையாக இருந்ததில்லை. நீலம் அமைதிக்கும் உண்மைக்கும், சிவப்பு நாட்டுப்பற்றுக்கும் வீரத்துக்கும் உரியவை என்று பள்ளிப் பிள்ளைகள் இன்று மனப்பாடம் செய்கின்றனர். போர்க்காலத்தில் கொடியைத் தலைகீழாக்கிச் சிவப்பை மேலே கொண்டுவரலாம் என்ற விதியும் உண்டு. ஆனால் 1898ஆம் ஆண்டுப் பிரகடனமோ, நீலம், சிவப்பு, வெள்ளை மூன்றும் அமெரிக்கக் கொடியை நினைவூட்டுபவை என்றும், அந்நாடு அளித்த பாதுகாப்புக்கு நன்றியாகவே தேர்ந்துகொள்ளப்பட்டவை என்றும் வெளிப்படையாகச் சொல்கிறது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அதே அமெரிக்காவுடன் போர் மூண்டது. 1907 முதல் 1919 வரை அக்கொடியைப் பறக்கவிடுவதையே அமெரிக்க ஆட்சி தடைசெய்திருந்தது. நன்றிக்குரிய நிறங்கள் பத்தாண்டுக்குள் குற்றத்துக்குரியனவாயின என்பதைப் பாடநூல்கள் ஏனோ அழுத்திச் சொல்வதில்லை.

பகோலோரில் அவர் கண்ட நிறம் இவற்றில் எதுவுமன்று; அது சாம்பல். 1991 ஜூன் 15 அன்று பினாடுபோ எரிமலை வெடித்தபோது மலைச்சரிவுகளில் குவிந்த சாம்பலும் மணலும், பின்வந்த ஆண்டுகளின் மழைக்காலங்களில் நீரோடு கலந்து குழம்பாகப் பாய்ந்தன. ‘லஹார்’ எனப்படும் இந்த எரிமலைச் சேற்று வெள்ளம் 1995 அக்டோபர் 1 அன்று பகோலோரை மூழ்கடித்தது; கபலந்தியான் என்ற குடியிருப்பில் மட்டும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 1762இல் ஆங்கிலேயர் மணிலாவைக் கைப்பற்றியபோது சிமோன் தெ ஆண்டா ஸ்பானிய அரசை நடத்திய ஊர் பகோலோர். 1904 வரை மாகாணத் தலைநகராகவும் விளங்கியது. அதன் சான் கில்லெர்மோ தேவாலயம் பாதி உயரத்துக்குப் புதைந்துபோனது. திரும்பியவர் சிறுவயதில் அண்ணாந்து பார்த்த மேல்வரிசைச் சாளரங்களே இப்போது வாயில்களாகியுள்ளன. அவற்றின் வழியே நுழைந்தவர், சுவர்களில் உயரத்தில் இருந்த வேலைப்பாடுகள் கைக்கு எட்டும் அளவில் நிற்பதைக் கண்டார். பலிபீடத்தின் பின்னணியாக விளங்கிய மரச்சிற்ப மாடத்தை ஊர்மக்கள் மண்ணைத் தோண்டி வெளியே எடுத்து, புதிய தரைமட்டத்துக்கு உயர்த்தி, குவிமாடத்தின் அடியில் நிறுவியிருக்கின்றனர். அவர் பிறந்த வீடு எந்த இடத்தில் புதைந்தது என்பதை உறவினர்களாலும் சுட்டிக்காட்ட முடியவில்லை.

கலிஃபோர்னியாவில் கபம்பாங்கன் குடும்பங்கள் கூடும் விருந்துகளில் எட்டில் ஒரு கதிரின் பெருமை தவறாமல் பேசப்படும், மகாபெபே பேசப்படுவதில்லை. மகாபெபே பம்பாங்காவின் ஓர் ஊர். பதினேழாம் நூற்றாண்டு தொட்டே ஸ்பானியப் படைகளில் கபம்பாங்கன் வீரர்கள் பணியாற்றி வந்த மரபு அங்கு வேரூன்றியிருந்தது. அமெரிக்கர் வந்ததும் அவ்வூரார் பலர் அவர்களுடைய படையில் சேர்ந்தனர். 1901 மார்ச் 23 அன்று, சூரியக் கொடியை உலகுக்கு அறிவித்த எமிலியோ அகினால்டோவை அமெரிக்கத் தளபதி பன்ஸ்டன் பலனான் என்னும் ஊரில் சிறைப்பிடித்தபோது, அகினால்டோவுக்குத் துணையாக வரும் படைபோல வேடமிட்டு உடன் சென்றவர்கள் ஏறத்தாழ எண்பது மகாபெபே வீரர்களே. அதே மாகாணத்தவரான ஹிசோனோ அமெரிக்காவுக்குப் பணிய மறுத்துக் குவாம் தீவுக்கு நாடுகடத்தப்பட்டு, அதே ஆண்டில் அங்கேயே இறந்தார். இருவகையினரும் கபம்பாங்கன் மக்களே. ஒருவரைக் கொண்டாடி மற்றவரை மறைப்பது வரலாறாகாது. தகாலோக் மொழியினர் முன்னின்ற அரசியலில் நம்பிக்கை கொள்ளாத ஒரு சிறுபான்மை மொழியினர், தமக்குப் பாதுகாப்பெனத் தோன்றிய ஆட்சியைச் சார்ந்து நின்றதைத் துரோகம் என்ற ஒரே சொல்லால் தள்ளிவிடவும் முடியாது.

ஊரார் தம் கையால் ஆக்கிய நிறங்கள் வேறிடத்தில் இருந்தன. கிறிஸ்துமஸுக்கு முன்னர் சான் பெர்னாண்டோவில் நடக்கும் மாபெரும் விளக்குப் போட்டிக்கு, குடியிருப்புகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ இருபதடி விட்டமுள்ள, நட்சத்திரத்தை மையமாகக் கொண்ட ‘பாருல்’ என்னும் விளக்கைச் செய்கின்றன. மூங்கிலும் மெல்லிய காகிதமுமாகத் தொடங்கிய இக்கலை இன்று எஃகுச் சட்டத்துக்கும் ஆயிரக்கணக்கான மின்விளக்குகளுக்கும் வளர்ந்திருக்கிறது. விளக்கின் பின்னால் பெரிய இரும்பு உருளைகள் கிடக்கும். அவற்றின் மேல் ஒட்டுநாடா ஒட்டப்பட்ட பகுதியில் மின்சாரம் பாயாது, ஒட்டாத பகுதியில் பாயும். வரிசையாகப் பொருத்திய கொண்டை ஊசிகள் உருளையை உரசிக்கொண்டிருக்க, இசைக்கேற்ப அதை ஒருவர் கையால் சுழற்றுகிறார். முன்புறம் சிவப்பும் மஞ்சளும் நீலமும் மலர்ந்து சுருங்குகின்றன. கூட்டம் முன்னால் நின்று ஆரவாரித்தபோது, ஊர் திரும்பியவர் பின்புறம் சென்று, உருளையைச் சுழற்றியவரின் வியர்வை படிந்த முதுகையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிரகடனத்தின் எந்தப் பட்டியலையும்விட இந்த உருளையே கபம்பாங்கன் நிறங்களுக்கு நம்பத்தக்க சான்று என்பது அவருடைய முடிவு. அம்முடிவில் ஊர்ப்பற்று கொஞ்சம் கூடுதலாகவே கலந்திருந்தாலும், பிழையில்லை.

எட்டு மாகாணங்களைத் தவிர ஏனையோருக்கும் கொடியில் இடம் வேண்டும், குறிப்பாக ஸ்பெயினுக்கு நெடுங்காலம் அடிபணியாத தெற்கத்திய மோரோ முஸ்லிம் மக்களுக்காக ஒன்பதாவது கதிர் சேர்க்கப்பட வேண்டும் என்று பிலிப்பைன்ஸ் நாடாளுமன்றத்தில் மசோதாக்கள் வந்துள்ளன. அவற்றில் எதுவும் இன்னும் சட்டமாகவில்லை.