காவலூர்ச் சாலையில் ஓர் அமாவாசை

வாணியம்பாடியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியபோது இரவு எட்டு மணி. ஏப்ரல் மாத அமாவாசை. அண்ணாந்து பார்த்தால் நாலைந்து விண்மீன்கள்தான் தெரிந்தன. மற்றதையெல்லாம் தெருவிளக்குகள் விழுங்கியிருந்தன. பழைய மஞ்சள் சோடியம் விளக்கின் ஒளி பெரும்பாலும் சில அலைநீளங்களுக்குள் அடங்கும்; லென்ஸில் ஃபில்டர் போட்டு ஓரளவு வடிகட்டிவிடலாம். வெள்ளை எல்இடி எல்லா நிறத்திலும் பரவுகிறது. அதற்கு ஃபில்டர் அதிகம் உதவாது. வான்படம் எடுக்கிறவர்கள் ஊரைவிட்டு விலகிப் போகத்தான் வேண்டும்.

ஆலங்காயம் வரை கடைகளும் வேகத்தடைகளும்தான். ஊர் தாண்டி ஜவ்வாது மலையில் சாலை ஏறத் தொடங்கியதும் மரங்கள் இருபுறமும் நெருங்கி வந்தன. கண்ணாடியை இறக்கினால் காற்றில் குளுமை.

காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. வானியலாளர் பாப்பு இந்த மலையைத் தேர்ந்ததற்கு இருட்டு மட்டும் காரணமல்ல. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டரை பாகையில் இருப்பதால், வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியும் இங்கே எட்டும். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு தொடங்கிய இடம் இது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அதன் வளையங்களின் தடயத்தைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் வந்தது. அதைப் பார்க்க பாப்பு உயிரோடு இல்லை. 1988இல் இங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பெயர். வானாய்வக வாசலைக் கடக்கும்போது ஹைபீமைத் தணித்துக்கொண்டேன். உள்ளே யாரோ ஒரு மங்கலான விண்மீனின் ஒளியைச் சேகரித்துக்கொண்டிருக்கலாம்.

இன்னும் கிழக்கே போய், சாமை அறுத்துக் காய்ந்து கிடந்த ஒரு நிலத்தில் ட்ரைபாடை நட்டேன். நிலத்துக்காரப் பெரியவரிடம் முன்பே கேட்டிருந்தேன். இரவில் காட்டுக்குள் இறங்கக் கூடாது. பட்டா நிலம், உரிமையாளர் சம்மதம், இரண்டும் இருந்தால்தான் நிம்மதியாக வேலை செய்யலாம்.

விண்மீன்களோடு சேர்ந்து கேமராவைத் திருப்பும் ட்ராக்கரைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக நிறுத்த வேண்டும். நம் பக்கத்தில் அதுதான் பெரும்பாடு. துருவன் அடிவானத்திலிருந்து பன்னிரண்டரை பாகை உயரத்தில்தான் இருக்கும். வடக்கே ஆம்பூர்ப் பக்கம் வானம் வெளுத்திருந்தது. அந்த வெளுப்புக்குள் துருவனைத் தேடிப் பிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றியிருந்தேன். வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது வேண்டும்.

போர்வையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர், வடக்கே கை நீட்டினார். “அது டவுன் வெளிச்சம் தம்பி. நான் சின்ன வயசுல பாக்கறப்ப அந்தப் பக்கமும் இருட்டாத்தான் கெடந்துச்சு.”

பதினொரு மணிக்குத் தெற்கே மலைவிளிம்புக்கு மேல் திரிசங்கு விண்மீன்குழு செங்குத்தாக நின்றது. அதற்கு மேலே, இடப்பக்கமாக, பஞ்சுத் துணுக்குப் போல ஒமேகா சென்டாரி: வெறுங்கண்ணுக்கு எட்டுகிற ஏறத்தாழ ஒரு கோடி சூரியன்கள். இரண்டு மணிக்கு விருச்சிகத்துக்கும் தனுசுக்கும் நடுவே பால்வீதியின் மையம் மேலேறிவிட்டது. துளை 2.8, ஐஎஸ்ஓ 1600, ஒவ்வொரு படமும் இரண்டு நிமிடம். முப்பது படங்களை அடுக்கினால்தான் இரைச்சல் அடங்கி, அந்தக் கரிய தூசுக் கிளைகள் துலங்கும். முதல் படம் கேமராத் திரையில் வந்ததும் பெரியவரிடம் காட்டினேன். அவர் திரையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

விடியும் நேரத்தில் ஜமுனாமரத்தூர் போய்ச் சேர்ந்தேன். கடைத்தெருவில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. பொழுது புலர்ந்தும் விளக்குகள் எரிந்தன. வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. மலை ஊருக்கும் வெளிச்சம் வேண்டும். இந்தச் சாலையில் இனி விளக்கு வைக்கப்போகிற ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன்: விளக்குக்கு மேல் மூடி போட்டு, ஒளி தரையில் மட்டும் விழும்படி வையுங்கள்.