கேட்கத் தேவையில்லாத றாக்கை

கம்பஸில் குப்பையைக் குறைப்பது என்றதும் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வாறது நிறம் நிறமான தொட்டிகள்தான். இறுதி வருடக்காரர் விடுதியை விட்டுப் போற கிழமையில் அந்தத் தொட்டிகளைப் பாருங்கோ. வாளி, மெத்தை, ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த நோட்ஸ் எல்லாம் நிரம்பி வழியும். கொஞ்ச நாளில் புது பட்ச் வந்து அதே சாமான்களைக் கடையில் காசு குடுத்து வாங்கும்.

2022 இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. கொப்பி விலையும் எங்கேயோ போச்சு. அந்த வருடம்தான் எங்கட விடுதிப் படிக்கட்டுக்குக் கீழே பழைய றாக்கை ஒன்றை வைச்சம். தேவையில்லாததை வைக்கலாம், தேவையானதை எடுக்கலாம். பெயர் எழுதத் தேவையில்லை. முதலில் போனது லாப் கோட்டும் கல்குலேட்டரும்.

அதுவரைக்கும் குடுக்க அக்காமாருக்கு மனமில்லாமல் இல்லை. வீட்டில் காசில்லை எண்டு வாய்விட்டுச் சொல்லித்தான் தங்கச்சிமார் கேக்க வேண்டியிருந்தது. அதுக்கு ஆருக்கு மனம் வரும்? அந்த வெட்கத்துக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவில் ஒரு றாக்கை போதும். உங்கட விடுதியிலும் படிக்கட்டுக்குக் கீழே இடம் இருக்கும்தானே?