அடைப்புக் குறிக்குள் ஒரு வருஷம்

கரையான்சாவடியில் ஆவடி சாலை பிரியும் இடத்திற்குச் சற்று உள்ளே எங்கள் வீடு இருக்கிறது. நான் சிறுவனாயிருந்த காலத்தில் அதன் வாசலில் ஒரு மரப் பலகை தொங்கிற்று. என் சின்னத் தாத்தாவின் பெயரும், பெயருக்குப் பின்னால் "பி.ஏ. (ஆனர்ஸ்)" என்ற எழுத்துக்களும் அதில் தீட்டப்பட்டிருந்தன. வெயிலிலும் மழையிலும் பெயர் மங்கியதுண்டு. ஆனால் அடைப்புக் குறி மட்டும் மங்கியதே இல்லை. வருஷந்தோறும் பொங்கலுக்கு முன் தாத்தா தூரிகையும் கையுமாக ஏணியில் ஏறி அதை மட்டும் புதுப்பித்துவிடுவார்!

"அந்த வளைவுக்குள்ளே என்ன தாத்தா இருக்கிறது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒரு வருஷம் இருக்கிறதடா" என்றார்.

அவர் சொன்னது வேடிக்கையல்ல. அக்காலத்துச் சென்னை ஸர்வகலாசாலையில் இண்டர்மீடியட் தேறியவன் இரண்டே வருஷத்தில் சாதாரண பி.ஏ. பட்டம் வாங்கிவிடலாம். ஆனர்ஸ் என்றால் மூன்று வருஷம். ஒரே பாடத்தில் முங்கிக் குளிக்க வேண்டும். சில கல்லூரிகளில்தான் அது உண்டு. பிற்பாடு பி.யு.சி.யும் மூன்று வருஷப் பட்டப் படிப்பும் வந்து, அந்தப் பழைய ஆனர்ஸ் மறைந்தே போயிற்று.

1998-ல் நான் பிளஸ் டூ தேறியபோது தாத்தா டில்லியிலிருந்து ஒரு விண்ணப்பத்தாள் தருவித்தார். அங்கே பௌதிகத்தில் ஆனர்ஸ் இருந்தது. அப்பாவோ, "டில்லிக்கு அனுப்ப நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் சென்னையிலேயே பி.எஸ்ஸி. படித்தேன், உபாத்தியாயர் ஆனேன். விண்ணப்பத்தாள் இன்னும் என் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது.

ஆகவே, எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, என் மாணவி, 2022-ல் டில்லியில் பௌதிக ஆனர்ஸ் சேர்ந்தபோது நான் பட்ட சந்தோஷம் கொஞ்சம் அளவுக்கு மீறியதுதான். அவள் தகப்பனார் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சென்ற 2025-ஆம் வருஷக் கோடையில் அவளிடமிருந்து டெலிபோன் வந்தது. "சார், மூணு வருஷத்தோட பட்டம் வாங்கிக்கிட்டு வந்துடலாம். நாலாவது வருஷமும் இருந்தால் ஆராய்ச்சி செய்யலாம். இருக்கவா, வரவா?"

இவளுக்கு நான் வகுப்பில் அடிக்கடி சொன்ன கதை சந்திரசேகருடையது. 1927 முதல் 1930 வரை பிரஸிடென்ஸி கல்லூரியில் பௌதிக ஆனர்ஸ் படித்தவர் அவர். 1928-ல் ஜெர்மன் விஞ்ஞானி ஸோமர்பெல்டு சென்னைக்கு வந்தார். பதினெட்டு வயதுகூட நிரம்பாத அந்தப் பையன் அவரை ஹோட்டல் அறையிலேயே போய்ப் பார்த்தான். தான் கற்ற அணுக் கொள்கையெல்லாம் பழசாகிவிட்டது என்று அங்கே தெரிந்துகொண்டு, புதியதைத் தானே படித்தான். மறு வருஷமே அவன் கட்டுரை லண்டன் ராயல் ஸொஸைடியின் ஏட்டில் வெளியாயிற்று! 1930 ஜூலையில் கப்பல் ஏறியவன், பிரயாணத்திலேயே வெள்ளைக் குள்ள நட்சத்திரங்களின் எடைக்கு ஓர் எல்லை உண்டென்று கணக்குப் போட்டான். 1983-ல் நோபல் பரிசு கிடைத்தது.

டெலிபோனில் இதைத்தான் மறுபடியும் ஆரம்பித்தேன். பாதியில் நாக்குத் தடுமாறிற்று. சந்திரசேகரின் தகப்பனார் ரயில்வேயில் பெரிய கணக்கு அதிகாரி. சிற்றப்பா ஸர் சி. வி. ராமன். ஷேர் ஆட்டோக்காரர் மகளிடம் இதைச் சொல்லாமல் அதை மட்டும் சொல்வது யோக்கியமா?

மறு நாள் மாலை ஆட்டோ ஸ்டாண்டுக்கு நேரில் போனேன். மெட்ரோ ரயில் தூணின் நிழலில் நின்று, ஒரு பழைய விடைத்தாளின் பின்புறம் கணக்குப் போட்டுக் காட்டினேன். மூன்று வருஷத்தோடு வந்தால் எம்.எஸ்ஸி.க்கு இன்னும் இரண்டு வருஷம். நாலு வருஷம் படித்தால் யு.ஜி.சி. விதிப்படி எம்.எஸ்ஸி.யை ஒரே வருஷத்தில் முடிக்க வழியுண்டு. எந்தக் கல்லூரியில் என்பதை விசாரித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஐந்து வருஷந்தான். முதல் ஆறு பருவங்களில் 75 சதவிகிதம் வாங்கியவர்கள் நாலாவது வருஷத்தில் ஆராய்ச்சி செய்யலாம். அவளுக்கு அதற்கு மேலேயே இருந்தது. எம்.எஸ்ஸி. வேண்டாம், உடனே வேலைதான் வேண்டும் என்றாலோ, அந்த ஒரு வருஷச் சம்பளம் நஷ்டந்தான். அதையும் மறைக்கவில்லை.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

"சார், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. இது அவளுக்காகச் சொல்றீங்களா, உங்களுக்காகச் சொல்றீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. விண்ணப்பத்தாள் விஷயத்தை அவரிடம் நான் ஒரு போதும் சொன்னதில்லை. எப்படித்தான் கண்டுபிடித்தாரோ! அன்று சொன்னேன், பலகையில் தொடங்கி டிரங்குப் பெட்டி வரை. அதற்குள் பூந்தமல்லிக்கு ஐந்து பேர் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். "ரெண்டும்தான்" என்று நான் முடிப்பதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டது. என் காதில் விழுந்த பதில் எஞ்சின் சப்தந்தான். இரவு முழுவதும், சொல்லியிருக்கக் கூடாதோ என்று புரண்டுகொண்டிருந்தேன்.

மறு நாள் காலை பள்ளிக்கூட வாசலில் ஆட்டோ நின்றது. அவர் இறங்கக்கூட இல்லை.

"சார், நாலாவது வருஷத்துக்குப் பணம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள்ளே கட்டணும்னு நீங்களே விசாரிச்சுச் சொல்லுங்க. அவளைக் கேட்டால் கம்மியாச் சொல்லுவா" என்றார்.